கயிறு இன்னும் அறவில்லை

"நெருப்பு, சக்கரம், இந்த இரண்டுக்கும் பிறகு மனித குலம் உருப்படியாகச் சாதித்த மூன்றாவது காரியம், அறுந்த கயிற்றைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டதுதான்."

இழுவைப் பறப்புக் கழகத்தின் பாதுகாப்பு விளக்க அலுவலர் ஞானசிகாமணி இதை ஒலிபெருக்கியில் சொன்னார். சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. கேட்டவர்களும் சிரிக்கவில்லை. ஏழாவது இழுநிலையத்தின் காலை வரிசை, முதுகில் சிறகுக்குடை மூட்டையும் கையில் சாப்பாட்டுத் தூக்குமாக நின்று, ஒரே கொட்டாவியை முறைவைத்து விட்டுக்கொண்டிருந்தது.

கடற்கரைச் சாலையைக் கடல் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. பாலம் கட்டப் போவதாக அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த புயலில் கடல் அடிக்கல்லையும் எடுத்துக்கொண்டது. அதன்பிறகு தூத்துக்குடிக்கு வேலைக்குப் போகிறவர்கள் உப்பளங்களுக்கு மேலே பறந்துதான் போகிறார்கள். பறப்பது என்றால் கவிஞர்கள் நினைக்கிற பறப்பு இல்லை. மைதானத்தின் ஒரு முனையில் பயணி நிற்பார். மறுமுனையில் இழுபொறி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளக் கயிறு. இழுபொறி கயிற்றைச் சுருட்டச் சுருட்ட, சிறகுக்குடை காற்றை வாங்கி, பயணி பட்டம் போல மேலே ஏறுவார். உச்சிக்குப் போனதும் மார்பில் இருக்கும் விடுகொக்கியை இழுத்துக் கயிற்றைக் கழற்றிவிட்டு, மிதந்து போய் அடுத்த நிலையத்தில் இறங்கவேண்டும். அங்கே இன்னொரு கயிறு. இப்படி ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அலுவலகம் போய்ச் சேரும்போது வருகைப் பதிவு மூடியிருக்கும்.

இதில் ஒரே ஒரு விதிதான் முக்கியம். இழுபொறியின் தலைக்கு மேலே வருவதற்குள் கயிறு ஆளை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால், ஏற்றிவிட்ட அதே கயிறு இறக்கியும் விடும். மெதுவாக இறக்கத் தெரியாத கயிறு அது.

ஆரம்ப நாட்களில் கயிறு அடிக்கடி நடுவழியில் அறுந்தது. அறுந்ததும் பயணிகள் பதறி, கையில் இருந்த இரண்டு கடிவாளங்களையும் ஒரேயடியாக இழுத்தார்கள். குடை காற்றை இழந்து துணியாகிவிடும். துணி மிதக்காது. கயிறு அறுந்து செத்தவர்கள் குறைவு, பதறிச் செத்தவர்கள்தான் அதிகம் என்று ஆராய்ச்சி சொன்னது. அப்போதுதான் நிதானி வந்தது.

நிதானி, மார்பில் கட்டிக்கொள்ளும் ஒரு சிறிய உலோகப் பெட்டி. அதிலிருந்து தோளுக்கும் முன்கைகளுக்கும் கம்பிகள் போகும். கயிறு தளர்ந்த கணமே, அறுந்துவிட்டது என்று மூளைக்குத் தெரிவதற்கு முன்பே, பெட்டிக்குத் தெரிந்துவிடும். தசைகளுக்குள் மெல்லிய மின்துடிப்பை அனுப்பிக் கைகளைத் தானே எடுத்துக்கொள்ளும். கைகள் உயரும், குடை முன்னால் பாய்ந்தால் அளவாகத் தாழும், அடுத்த நிலையத்தை நோக்கித் திருப்பும். பயணி சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். "தோல்வி கண்டறியப்பட்டது. கவலை வேண்டாம். இனி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு பெண்குரல் சொல்லும். வீட்டில் யாரும் சொல்லாத வாக்கியம் என்பதால் பலருக்கு அதில் ஒரு மயக்கமும் உண்டு.

உண்மையைச் சொல்லவேண்டும். நல்ல பொறி. அது வந்தபிறகு ஒருவர்கூடச் சாகவில்லை.

ஒருவரும் சாகவில்லை என்றதும் கழகம் யோசித்தது. அறுந்தால் ஒன்றும் ஆகாது என்றால், கயிற்றை ஏன் மாற்றவேண்டும்? முடிச்சுப் போட்டார்கள். முடிச்சின் மேல் முடிச்சுப் போட்டார்கள். ஏழாவது நிலையத்தின் கயிறு நாளடைவில் ஒரு நல்ல வழக்கத்துக்கு வந்தது: ஒவ்வொரு பயணிக்கும், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே, ஒழுங்காக அறுந்தது. அதனால் விடுகொக்கியை இழுக்கவேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. பலருக்கு அது எந்தப் பக்கம் இழுக்கும் என்பதே மறந்துவிட்டது. அவசரத்துக்குக் கயிற்றை அறுத்துக்கொள்ள உடுப்பின் தோள்பட்டையில் ஒரு கத்தி இருந்தது. புது நிதானிக்குப் பெரிய மின்கலம் தேவைப்பட்டபோது கத்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை வைத்தார்கள்.

மிச்சம் இருந்தது களைப்பு மட்டும்தான். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாதுகாப்பாக விழப் பார்த்துவிட்டு வருகிறவர்களின் களைப்பு. நிதானியின் கம்பி கைகளுக்குத்தான் போகிறது. வயிற்றுக்குப் போகவில்லை. ஒவ்வொரு அறுப்புக்கும் வயிறு தனியாக ஒருமுறை விழுந்து, தனியாக எழுந்து வரும். மருத்துவர்களிடம் போனால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

டக்.

ஞானசிகாமணி ஒலிபெருக்கியைத் தாழ்த்தினார். வரிசையின் முன்னால் நின்றவள் பிரகாசி. தூத்துக்குடியில் ஓர் உப்பு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். தினமும் கயிற்றை மாட்டுவதற்கு முன்பு விடுகொக்கியை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துப் பார்ப்பாள்.

டக்.

"மேடம், மறுபடியுமா?"

"ரெண்டு சொடக்குதான சார்."

"இந்த ஸ்டேஷன்ல யாராவது கொக்கிய இழுத்துக் கயித்த விட்டதக் கடைசியா எப்பம் பாத்தீங்க?"

"நான் எங்க சார் பாத்தேன். எனக்கு அந்தச் சத்தம் வேணும். டக்குன்னு கேட்டாத்தான் வேலைக்குக் கெளம்புன மாதிரி இருக்கு. வீட்டப் பூட்டிட்டு ஒருக்கா இழுத்துப் பாப்போம்லா, அது மாதிரி."

"வீட்டுக்குத் திருடன் இருக்கான். இதுக்கு யாரு இருக்கா?"

"தெரியலயே சார். தெரிஞ்சா அவன்ட்டயே கேட்டிருப்பேன்."

ஞானசிகாமணி ஒலிபெருக்கியை உயர்த்தினார். "பயணிகளே, இவர்களைத்தான் நாங்கள் கொக்கி சொடுக்கிகள் என்கிறோம். விண்கலத்தில் ஏறும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஏறுகிற வகை." வரிசையில் நான்கைந்து பேர் களைப்பாகச் சிரித்தார்கள். அவருடைய குரலிலேயே பதிவுசெய்த அறிவிப்பு ஒன்றும் எல்லா நிலையங்களிலும் ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதியவரும் அவர்தான்.

அன்றைக்கு அவர் உற்சாகமாக இருப்பதற்குக் காரணம் இருந்தது. தலைநகரிலிருந்து துறைச் செயலாளர் வருகிறார். நிதானியைப் பார்த்துத் திருப்தியானால் மாநிலம் முழுவதும் கொண்டுபோவார், ஞானசிகாமணியையும் கொண்டுபோவார். செயலாளரின் வண்டி நுழையும்போது ஞானசிகாமணி வானத்தில் இருக்கவேண்டும். வரவேற்புப் பந்தலுக்கு எதிரே, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, கயிறு அறவேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு புன்னகைக்கவேண்டும். இதுதான் நிகழ்ச்சி நிரல்.

வருகைக்காக நிலையம் ஒரு வாரமாகச் சுத்தம் செய்யப்பட்டிருந்தது. 'அசையாத பொருட்கள் அனைத்துக்கும் வண்ணம் பூசவும்' என்று உத்தரவு. சுவர்களுக்குப் பூசினார்கள். மரங்களின் இடுப்புவரை பூசினார்கள். இழுபொறியின் நிறுத்துநெம்பு பல ஆண்டுகளாக அசைந்ததே இல்லை. கயிறு அறுந்து தளர்ந்ததும் பொறி தானே நின்றுவிடும்போது நெம்பை யார் தொடுவார்கள்? அதற்கும் பச்சை பூசினார்கள். அவசரத்துக்குக் கயிற்றை வெட்டும் வெட்டுநாக்கு என்ற விசைக்கத்தி, அதுவும் அசையாத பொருள், அதற்கும் பச்சை. அலுவலர்கள் பறப்பதற்காக நிலையத்தில் வைத்திருந்த சேவை உடுப்பின் விடுகொக்கிக்கு வெள்ளி வண்ணம். இரண்டு பூச்சு.

கடைசியாகக் கயிறு. ஞானசிகாமணி வாக்கி டாக்கியை எடுத்து, மறுமுனையில் இழுபொறிக்குப் பக்கத்தில் இருந்த கொம்பையாவைக் கூப்பிட்டார். கொம்பையா இழுபொறி இயக்குநர். வேலை என்னவென்றால், காலையில் பொத்தானை அழுத்துவது, பிறகு கயிறு அறும் சத்தத்துக்குக் காத்திருப்பது, அறுந்த முனையைத் தேடி எடுத்து முடிச்சுப் போடுவது.

"கயிறு மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு சார். பழசுல பாதி கயிறு, பாதி முடிச்சு. வாரவரு பாத்தா நல்லாருக்குமா? புதுசு மாட்டிட்டேன்."

"பாக்க எப்படி இருக்கு?"

"கல்யாணப் பொண்ணு சடை மாதிரி இருக்கு சார்."

"ரொம்ப நல்லது."

இருவருமே இருபது வருட அனுபவசாலிகள் என்பதால், அந்தக் கயிறு அறுமா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. கயிறு என்றால் அறும். வேறு எதற்கு இருக்கிறது கயிறு?

செயலாளர் வண்டி கிளம்பிவிட்டது என்று தகவல் வந்தது. புறப்பாட்டு மேற்பார்வையாளர் பந்தலில் வாழைமரம் கட்டப் போயிருந்தார். வாக்கியைக் கம்பத்தில் மாட்டிவிட்டு, வரிசையை நிறுத்திவிட்டு, ஞானசிகாமணி சேவை உடுப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்களுக்கு ஆபீஸ் சார்" என்றாள் பிரகாசி.

"அஞ்சு நிமிஷம் மேடம். வரலாறு."

"வரலாறுக்கு லீவு சொல்ல முடியாதே சார். எங்க மேனேஜர் ஒத்துக்கிட மாட்டாரு."

"கொம்பையா, இழும்" என்றார் அவர், தலைக்கவசத்துக்குள் இருந்த வாக்கியில்.

பொறி உறுமியது. கயிறு விறைத்தது. ஞானசிகாமணி நாலு எட்டு ஓடி, ஐந்தாவது எட்டைக் காற்றில் வைத்தார். உப்பளங்கள் கீழே கண்ணாடிச் சில்லுகளாக விரிந்தன. வலது கால் செருப்பு கழன்று விழுந்தது. பொருட்படுத்தவில்லை. தண்ணீர்த் தொட்டி நெருங்கியது. கண்ணை மூடினார். புன்னகைத்தார்.

புன்னகை கொஞ்சம் நீண்டது.

கண்ணைத் திறந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி பின்னால் போயிருந்தது. அவர் இதுவரை வந்திராத உயரம். காற்றில் ஒரு விதமான குளிர்ச்சி. கயிறு அம்பு போல நேராக, அழகாக, கல்யாணப் பொண்ணு சடை மாதிரி இருந்தது.

"உங்கள் பயணம் மிகச் சிறப்பாக உள்ளது" என்றது நிதானி.

கீழே, வரிசையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பிரகாசி கம்பத்திலிருந்த வாக்கியை எடுத்தாள். அவள் பேசினால் கொம்பையாவுக்கும் கேட்கும், ஞானசிகாமணியின் தலைக்கவசத்துக்குள்ளும் கேட்கும்.

"அண்ணாச்சி, இன்னும் அறலியே."

கொம்பையா டீ குடித்துக்கொண்டிருந்தார். "அந்துரும். புதுக் கயிறுல்லா, செத்த நேரம் பிடிக்கும்."

"தொட்டியத் தாண்டிட்டாரு."

"தாண்டட்டும். அறுற சத்தம் கேக்கட்டும்."

"சத்தம் கேக்காது போலயே அண்ணாச்சி. உம்ம தலைக்கு மேல பாரும்."

கொம்பையா தலைக்கு மேலே பார்த்தார். டீ கிளாஸ் கீழே விழுந்தது.

ஞானசிகாமணி அதற்குள் விடுகொக்கியைத் தேடிப் பிடித்திருந்தார். வலப்பக்கம் இழுத்தார். வரவில்லை. இடப்பக்கம் இழுத்தார். கீழே இழுத்தார். வெள்ளி வண்ணம் விரலில் ஒட்டியது, கொக்கி கொக்கியோடு ஒட்டியிருந்தது. கை தானாகத் தோள்பட்டைக்குப் போயிற்று. அங்கே கத்தி இருந்த இடத்தில் மின்கலம் கதகதப்பாக இருந்தது.

"கொம்பையா! நிறுத்தும்! பொறிய நிறுத்தும்!"

"நெம்பு அசையல சார்! பெயிண்ட்டு!"

"வெட்டுநாக்க விடும்!"

"அதுலயும் பெயிண்ட்டு!"

"எதுல வே பெயிண்ட் இல்ல?"

"உங்கள்லதான் சார்!"

கயிறு இப்போது முன்னோக்கி இழுக்கவில்லை. கீழ்நோக்கி இழுத்தது. குடையின் நெற்றி தாழ்ந்தது. கொம்பையா பாய்ந்து மின்சார வயரையே பிடுங்கி எறிந்தார். பொறி நின்றது. நல்ல பொறி என்பதால், மின்சாரம் போனதும் உருளை தானாகப் பூட்டிக்கொண்டது. கயிறு இனி உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. ஞானசிகாமணி, மனித குலத்தின் மூன்றாவது சாதனையின் விளக்க அலுவலர், கடற்காற்றில் கட்டிப்போட்ட பட்டமானார்.

கட்டிய பட்டம் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தால் சாய்ந்துகொண்டே போகும். சாயச் சாயக் கயிறு இன்னும் விறைக்கும், விறைக்க விறைக்க இன்னும் சாயும். கடைசியில் தரைதான் அதை நிறுத்தும். குடை வலப்பக்கம் சாய ஆரம்பித்திருந்தது.

"உங்கள் பயணம் மிகச் சிறப்பாக உள்ளது" என்றது நிதானி. அதன்மேல் குற்றமில்லை. அது லட்சக்கணக்கான அறுப்புகளைப் பார்த்துப் பாடம் படித்தது. அறாத கயிறு அதன் பாடத்தில் இல்லை. கயிறு விறைப்பு, குடை விரிப்பு, உயரம் ஏராளம். இதைவிட நல்ல பயணத்தை அது கண்டதே இல்லை.

"கொம்பையா, பழைய ட்ரெயினிங்ல என்னமோ சொல்லிக் குடுத்தாம்லா! கொக்கி மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்?"

"சொல்லிக் குடுத்தான் சார். பொறியப் பாத்து வரணும்... இல்ல, பொறிய விட்டு விலகிப் போவணும். ரெண்டுல ஒண்ணு."

"எது வே?"

"யோசிக்கேன் சார்."

"கயிறு எங்க கட்டியிருக்கோ அங்க போனாத்தான தளரும்?" என்றாள் பிரகாசி. "நாய் சங்கிலிய இழுத்துக்கிட்டே நின்னா எப்பிடி அவுப்பீங்க?"

நாய் என்றதைப் பற்றிப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று ஞானசிகாமணி இடது கடிவாளத்தை இழுத்தார். குடை மெதுவாக நிமிர்ந்து, பொறி இருந்த பக்கம் திரும்பியது. கயிறு தொய்ந்தது. மார்பிலிருந்த பாரம் இறங்கியது. அப்பாடா என்று கொக்கிக்குக் கையைக் கொண்டுபோனார்.

கை போகவில்லை.

"தோல்வி கண்டறியப்பட்டது" என்றது நிதானி, ஆனந்தமாக. "கவலை வேண்டாம். இனி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்."

கயிறு தளர்ந்தது என்றால் அறுந்தது என்று அர்த்தம். நிதானி அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டது. அருமையாகத் திருப்பியது. எட்டாவது நிலையத்தை நோக்கி, வழக்கம் போல, நேர்த்தியாக ஓட்டிக்கொண்டு போனது. பூட்டிய உருளையில் கட்டிய கயிறு அதன் நீளம் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, பின்னாலிருந்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. ஞானசிகாமணியின் பற்கள் மோதிக்கொண்டன. தலைக்கு மேலே குடையின் ஒரு காது மடிந்து, படபடத்து, விரிந்தது.

"இழுவை மீண்டும் தொடங்கியது. உங்கள் பயணம் மிகச் சிறப்பாக உள்ளது."

கைகள் திரும்பிக் கிடைத்தன. மறுபடி பொறியைப் பார்த்துத் திருப்பினார். கயிறு தளர்ந்தது. தோல்வி கண்டறியப்பட்டது. கைகள் போயின. எட்டாவது நிலையம் நோக்கிப் பயணம். வெட்டு. இந்த முறை மடிந்த காது விரிய நேரமாயிற்று. இன்னும் ஒரு வெட்டைக் குடை தாங்கலாம். அதற்கு அடுத்ததை அவர் பார்க்கவேண்டியிருக்காது.

"என்ன சார் செய்யுதீங்க, வாரதும் போறதுமா?" என்றார் கொம்பையா.

"நான் எங்க வே போறேன்! இது போகுது!"

"நான் கயித்த வெட்டப் பாக்கேன் சார். டீக்கடைல பன் வெட்டுத கத்திதான் கெடச்சுது. நல்ல கயிறு சார், கத்தி மழுங்குது."

"சார்" என்றாள் பிரகாசி. அவள் குரலில் இப்போது வேலைக்குப் போகிற அவசரம் இல்லை. "எங்க வீட்டு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிச்சா கொண்டி இப்பிடித்தான் ஒட்டிக்கிடும். செருப்பக் கழத்தி நாலு போடு போட்டா தெறந்துரும். கொக்கிய ஓங்கி அடிங்க."

"செருப்பு... விழுந்துட்டு."

"இன்னொரு செருப்பு?"

"அதுவும்."

"கெட்டியா வேற என்னதான் இருக்கு உங்ககிட்ட?"

ஞானசிகாமணி தன்னைத்தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார். கெட்டியாக இருந்தது ஒன்றுதான்.

பறக்கும்போது நிதானியை எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது என்ற பலகை எல்லா நிலையங்களிலும் இருக்கிறது. வாசகம் அவருடையது. 'எக்காரணம் கொண்டும்' என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னதும் அவர்தான். முன்கைகளிலிருந்து கம்பிகளைப் பிடுங்கினார். மார்பிலிருந்து பெட்டியை உருவினார். அப்போதுதான் கைகளைப் பார்த்தார். நடுங்கிக்கொண்டிருந்தன. எத்தனையோ வருடங்களாகத் தினமும் இப்படித்தான் நடுங்கியிருக்கும். பெட்டி கையைப் பிடித்துக்கொண்டிருந்ததில் அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

"நிதானி கழற்றப்பட்டுள்ளது. தயவுசெய்து..."

ஒரு கையால் கடிவாளத்தை இழுத்துப் பொறிப் பக்கம் திருப்பினார். கயிறு தொய்ந்தது. யாரும் கைகளை எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியை ஓங்கிக் கொக்கியின் தலையில் ஒரு போடு போட்டார். வெள்ளி வண்ணம் செதிலாக உதிர்ந்தது. இன்னொரு போடு. பெட்டியின் மூலை நசுங்கியது.

"சார், காத்து தள்ளுது, சீக்கிரம்!" பிரகாசியின் குரல்.

கயிறு மறுபடி விறைக்கத் தொடங்கியது. மூன்றாவது போடு, வாழ்நாளில் யார்மேலும் போட்டிராத போடு.

டக்.

அந்தச் சத்தம் வாக்கி வழியாக மைதானத்தின் இரண்டு முனைகளுக்கும் கேட்டது. கயிறு விலகி, பாம்பு போல நெளிந்து கீழே போனது. பாரம் இழந்த குடை முன்னால் பாய்ந்தது. அவருக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை, பாடமும் இல்லை, பலகையும் இல்லை. கைகள் உயர்ந்தன. பிறகு தாழ்ந்தன. கொஞ்சம் அதிகமாகத் தாழ்ந்து, பதறி, மறுபடி உயர்ந்தன. குடை இரண்டு முறை தலையாட்டிவிட்டு, இந்த ஆளோடு போராட முடியாது என்பது போல அமைதியாயிற்று. எட்டாவது நிலையம் எந்தத் திசை என்று அவர் பார்க்கவில்லை. கிடைத்த உப்பளத்தில், முழங்கால் ஆழ உப்புத் தண்ணீரில், ஓர் உப்புக் குவியலை நெஞ்சால் தழுவி இறங்கினார்.

கையில் இருந்த பெட்டி நசுங்கிய வாயால் பேசியது. "தோல்வி கண்டறியப்பட்டது. கவலை வேண்டாம்."

அவர் அதைத் தண்ணீரில் போடவில்லை. போடலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உப்பில் உட்கார்ந்தார். வயிறு இன்னும் மேலே இருந்தது. அது இறங்கி வரும்வரை காத்திருந்தார்.

செயலாளரின் வண்டி அப்போதுதான் நுழைந்தது. தலைமுதல் கால்வரை வெள்ளையாக, செருப்பில்லாமல், கையில் நசுங்கிய நிதானியோடு நடந்துவந்த மனிதரைப் பார்த்துச் செயலாளர் கைதட்டினார். கடைசிப் பகுதியை வண்டியிலிருந்தே பார்த்துவிட்டாராம்.

"தத்ரூபமா செஞ்சு காட்டினீங்க. எவ்வளவு பெரிய ஃபெயிலியர், ஒரு கீறல் இல்ல. என்ன ஃபெயிலியர் அது?"

ஞானசிகாமணி பின்னால் ஓடிவந்து நின்ற கொம்பையாவைப் பார்த்தார்.

"கயிறு அறல சார்" என்றார் கொம்பையா.

செயலாளருக்கு முகம் மாறியது. உடனே ஒரு குழு உட்கார்ந்தது. பெயிண்டைப் பற்றிப் பேச்சு எழுந்தது. வருகைக்காக அடித்த பெயிண்ட் என்று யாரோ மெதுவாகச் சொன்னதும் அந்தப் பேச்சு படுத்துக்கொண்டது. அறும் கயிற்றால் இதுவரை ஒரு சாவும் இல்லை, அறாத கயிறு முதல் நாளே ஓர் அலுவலரைக் கொல்லப் பார்த்தது என்பது தெளிவாயிற்று. புதுக் கயிறு உடனடியாகத் தடைசெய்யப்பட்டது. இனி எந்தக் கயிறும் நம்பகமாக அறுகிறதா என்று சோதிக்கப்பட்ட பிறகே பயன்பாட்டுக்கு வரும். நிதானி மாநிலம் முழுவதும் போகும். ஞானசிகாமணி உரையாற்றக் கேட்டுக்கொள்ளப்பட்டார். உப்பு நாக்கில் இருந்ததால் சுருக்கமாக நன்றி சொன்னார்.

மாலையில் கொம்பையா குப்பையிலிருந்து பழைய கயிற்றை எடுத்துவந்தார். முடிச்சுகளை எண்ணாமல் மாட்டினார்.

மறுநாள் காலை வரிசை வழக்கம் போல நின்றது. அதே கொட்டாவி. ஞானசிகாமணி ஒலிபெருக்கி இல்லாமல் வந்தார். தலைமை அலுவலகத்தில் கூட்டம் என்றார். யாரும் கேட்கவில்லை. வரிசையில் பிரகாசிக்குப் பின்னால் நின்றுகொண்டார். உடுப்பின் கொக்கியில் மூலையோரம் இன்னும் கொஞ்சம் வெள்ளி வண்ணம் ஒட்டியிருந்தது. இரவே சுரண்டியிருந்தார், அந்த மூலைக்கு மட்டும் நகம் எட்டவில்லை.

"நேத்து லேட்டுன்னு எங்க மேனேஜர் எனக்கு அரைநாள் லீவு போட்டுட்டாரு சார்" என்றாள் பிரகாசி, திரும்பாமல்.

"நான் வேணும்னா போன்ல சொல்லட்டுமா?"

"என்ன சொல்லுவீங்க? கயிறு அறலன்னா?"

அவளுடைய முறை வந்தது. டக். டக். கயிற்றை மாட்டிக்கொண்டு ஓடினாள், ஏறினாள், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சொன்னபடி அறுந்தாள், எட்டாவது நிலையம் பக்கம் மிதந்து போனாள். கொம்பையா அறுந்த முனையைத் தேடிக்கொண்டு நடந்தார்.

அடுத்தது ஞானசிகாமணி. கை கொக்கிக்குப் போயிற்று. பின்னால் நின்றவர்களைப் பார்த்தது போலவும் பார்க்காதது போலவும் ஒருமுறை திரும்பினார். கையை எடுத்துவிட்டார். தொண்டையைச் செருமினார். கயிறு வந்து சேர்ந்தது. மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், மாட்டலியா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றார்.

கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது. அவருடைய குரல் மைதானம் முழுக்கக் கணீரென்று எழுந்தது.

"பயணிகள் கவனத்துக்கு. விடுகொக்கியைச் சொடுக்கிப் பார்த்து உங்கள் நேரத்தையும் பிறர் நேரத்தையும் வீணாக்காதீர்கள். கொக்கி, அச்சம் நிறைந்த பழைய காலத்தின் அலங்காரம். நிதானி இருக்க..."

அந்தச் சத்தத்துக்கு அடியில், யாருக்கும் கேட்காதபடி, அவர் கொக்கியை ஒருமுறை இழுத்தார். பிறகு இன்னொரு முறை.